ஒடுக்கும் அரசும் வாணிப அறமும்: வாழைச்சேனை வாவிப்புலத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஓர் அரசு தன் குடிமக்களில் ஒரு பகுதியினரை ஒடுக்கி வருகின்றது என்பதை அறிந்த பின்னரும் அவ்வரசோடு வாணிபம் செய்தல் தகுமா? இவ்வினா புதியதன்று. ஹிட்லரின் ஜேர்மனியை முன்வைத்தும், நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாபிரிக்காவை முன்வைத்தும் உலக அறிஞர்கள் இதனை நீண்டகாலமாக விவாதித்து வந்துள்ளனர். ஆயின், அவ்விவாதம் பெரும்பாலும் வாணிபம் செய்வோரின் நாடுகளிலேயே, அவர்தம் மனச்சாட்சியை மையமாகக் கொண்டே நடந்தது. ஒப்பந்தத்தின் மறுமுனையில் வாழ்ந்தவர்களின் நிலையிலிருந்து அவ்வினா எழுப்பப்பட்டமை அரிது. மட்டக்களப்பு வாவிப்புலத்தில், சிறப்பாக வாழைச்சேனையில் நின்று அதனை மீண்டும் எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருக்குறள் வாணிபத்தின் அறத்தைப் பொருட்பாலில் வைத்துப் பேசவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதியில் வைத்தே பேசுகின்றது. வாணிபம் பொருளீட்டும் செயல் மட்டுமன்று. பிறரோடு நீதி வழுவாது ஒழுகும் செயலுமாகும் என்பதே இவ்வைப்புமுறை உணர்த்தும் கருத்து எனலாம். அப்பிறர் யாவர்? கைச்சாத்திடும் இரு தரப்பினர் மட்டுமா? ஒப்பந்தத்தில் பெயர் குறிக்கப்படாது, அதன் விளைவை மட்டும் சுமக்க நேர்ந்த மூன்றாம் தரப்பினருமா? இதுவே நம் முன் உள்ள வினாவின் உட்கிடை.

கடதாசி ஆலை உணர்த்தும் உண்மை

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் தொலைவில் வாழைச்சேனை அமைந்துள்ளது. வயலும் வாவியும் கடலும் ஒருங்கே வாழ்வளிக்கும் ஊர் இது. ஓட்டமாவடியோடு சேர்ந்து தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்ந்துவரும் ஊர். இலங்கை முழுவதும் இவ்வூரின் பெயரை அறியச் செய்தது அங்கு நிறுவப்பட்ட கடதாசி ஆலையேயாகும். சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளில் கைத்தொழில் அமைச்சராக விளங்கிய ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயன ஆலை ஆகியவற்றோடு ஒருங்கு எண்ணப்பட்ட அரச தொழில் முயற்சி இது. அறுவடைக்குப் பின் வயல்களில் எஞ்சும் வைக்கோலே இதன் முதன்மையான மூலப்பொருளாக அமைந்தது.

ஆலை இயங்கத் தொடங்கிய ஆண்டு 1956. வைக்கோலைக் கடதாசியாக்கும் பணி வாழைச்சேனையில் ஆரம்பமான அதே ஆண்டில், அரச கருமங்கள் எழுதப்படவேண்டிய மொழி சிங்களம் மட்டுமே எனக் கொழும்பில் சட்டமாயிற்று. கடதாசியைச் செய்யும் தொழிலாளியின் மொழிக்கு அக்கடதாசியில் இடமில்லாது போயிற்று.

இம்முரண்பாட்டிலிருந்து நாம் பெறவேண்டிய முதற்பாடம் ஒன்றுண்டு. ஒடுக்கும் அரசு ஒடுக்குதலை மட்டும் செய்வதில்லை. தொழிலும் தருகின்றது, பாடசாலையும் அமைக்கின்றது, வீதியும் போடுகின்றது. அவ்வரசின் கீழ் வாழும் உழைக்கும் மகன் அதனோடு எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் வைத்துக்கொள்ளாது வாழ இயலாது. ஆலையில் வேலைக்குச் சென்றவனையும், தன் வைக்கோலை ஆலைக்கு விற்ற கமக்காரனையும் ஒடுக்குமுறைக்கு உடந்தையானவர் என்று எவரும் கூறார். எனவே, ஒடுக்கும் அரசோடு தொடர்பு கொள்வோர் யாவரும் ஒரே தரத்தினர் அல்லர். விலகி நிற்கும் ஆற்றல் உடையவர் வேறு. அவ்வாற்றல் அற்றவர் வேறு. வாணிப அறம் முதலில் வினவவேண்டியது விலகி நிற்கும் ஆற்றல் உடையவரையே.

முதலுக்கு அரண், குடிமகனுக்குச் சிறை

1977 இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசு திறந்த பொருளாதாரக் கொள்கையை ஏற்று, அந்நிய முதலீட்டுக்கு நாட்டின் கதவுகளை அகலத் திறந்தது. அடுத்த ஆண்டில் நிறைவேற்றப்பட்ட அரசியலமைப்பின் 157 ஆம் உறுப்புரை இவ்விடத்தில் நம் கவனத்துக்குரியது. வெளிநாட்டு அரசொன்றோடு செய்யப்படும் முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு இன்றியமையாதது எனப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் ஏற்குமாயின், அது சட்டவலுப் பெறும். தேசிய பாதுகாப்பின் நலன் கருதியன்றி, அதற்கு முரணாகச் சட்டம் இயற்றவோ நிருவாக நடவடிக்கை எடுக்கவோ இயலாது.

அதே அரசு 1979 இல் 48 ஆம் இலக்கச் சட்டமாகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒருவரை விசாரணையின்றிப் பதினெட்டு மாதங்கள் வரை தடுத்துவைக்கவும், பொலிஸ் அதிகாரியின் முன் அளிக்கப்பட்ட வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கவும் அச்சட்டம் வழிவகுத்தது. தற்காலிகமானது எனப்பட்ட அச்சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. 1983 யூன் மாதத்தில், படையினரின் கையில் இறந்தோரின் சடலங்களை மரண விசாரணையின்றியே அடக்கம் செய்ய அனுமதிக்கும் அவசரகால ஒழுங்குவிதியும் பிறப்பிக்கப்பட்டது. அடுத்த மாதமே யூலை வன்செயல்கள் நாட்டை உலுக்கின.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். வெளிநாட்டு முதலுக்கு அரசியலமைப்பின் அரண். உள்நாட்டுக் குடிமகனின் உயிருக்கோ மரண விசாரணை என்னும் எளிய காப்பும் இல்லை. அந்நாளில் இலங்கையில் முதலிட வந்தோர், ஒப்பந்தம் செய்ய வந்தோர் எவரும் இச்சட்டங்களை அறியார் என்று கூறுதல் பொருந்தாது. முதலீட்டுப் பாதுகாப்பை வாசித்தறிந்த வழக்கறிஞர்கள் அதே அரசின் ஏனைய சட்டங்களையும் வாசிக்க வல்லவரே. அறியாமை என்பது இங்கு ஒரு தெரிவு.

அணையும் ஆற்றுமுகமும்

மகாவலி அபிவிருத்தித் திட்டம் துரிதப்படுத்தப்பட்ட அவ்வாண்டுகளில் அணைகள் பலவற்றுக்கு மேலை நாடுகள் நிதியும் தொழில்நுட்பமும் வழங்கின. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியாவும், கொத்மலைக்குச் சுவீடனும், ரந்தெனிகலவுக்கு மேற்கு ஜேர்மனியும், மாதுறு ஓயாவுக்குக் கனடாவும் உதவின. அந்நாடுகளின் பொறியியல் நிறுவனங்களுக்கும் இதனால் வேலை கிடைத்தது. உதவி எனப்பட்டதில் வாணிபமும் கலந்திருந்தது.

இவற்றுள் மாதுறு ஓயா நமது ஆய்வுப்புலத்தோடு நேரடித் தொடர்புடையது. அவ்வாறு வந்து கலக்கும் இடம் வாழைச்சேனைக் கழிமுகமே. மேல்நிலத்தில் மறிக்கப்பட்ட நீரே கீழ்நிலத்து வயலையும் வாவியையும் நிருணயிப்பது. 1983 செப்டெம்பரில், இனவன்செயல்களின் சூடு தணியாத வேளையில், திம்புலாகலை விகாராதிபதியின் தலைமையில் சிங்களக் குடியேற்றவாசிகள் ஆயிரக்கணக்கில் மாதுறு ஓயாவின் வலதுகரைப் பகுதியில், மட்டக்களப்பு மாவட்ட எல்லைக்குள் கொண்டுவரப்பட்டுக் குடியமர்த்தப்பட்டனர். மகாவலித் திட்டத்தோடு தொடர்புடைய அதிகாரிகள் சிலரின் மறைமுக ஆதரவு இதற்கு இருந்தமையை, அம்முயற்சியிற் பங்குகொண்ட மலிங்க ஹேர்மன் குணரத்ன 1988 இல் வெளியிட்ட தமது நூலில் தாமே விவரித்துள்ளார். கல்குடாத் தொகுதியைப் பிரதிநிதித்துவம் செய்த அமைச்சர் கே. டபிள்யூ. தேவநாயகம் உள்ளிட்டோரின் எதிர்ப்பை அடுத்து, அக்குடியேற்றவாசிகள் பின்னர் அரசாலேயே அகற்றப்பட்டனர்.

கனடாவின் பொறியியலாளர் இக்குடியேற்றத்தைத் திட்டமிட்டனர் என்று நாம் கூறவில்லை. அணை தன்னளவில் தீதன்று. வறண்ட நிலத்துக்கு நீர் தருதல் எக்காலத்தும் நற்பணியே. ஆனால் நீர் யாருக்கு, நிலம் யாருக்கு என்னும் வினாவை நிதி வழங்கியோர் பெறுநாட்டின் உள்விவகாரம் என ஒதுக்கிவிட்டனர். சீமெந்தின் கலவை விகிதத்தையும் நீர்மட்டத்தின் அளவையும் நுணுகி ஆராய்ந்தவர்கள், அந்நீர் பாயும் நிலத்தின் உரிமை பற்றி ஆராயாது விட்டது பொறியியற் குறைபாடன்று, அறக் குறைபாடாகும். குடியேற்றத்தால் இடம்பெயர நேர்ந்த ஏழைத் தமிழ்க் கமக்காரரும், அரசியலுக்குப் பகடையாக்கப்பட்டு எல்லைக்குக் கொண்டுவரப்பட்ட ஏழைச் சிங்களக் கமக்காரரும் இக்குறைபாட்டின் விலையைச் செலுத்தினர் என்பதையும் மறத்தலாகாது.

வன்முறையை விற்றவர்கள்

அணையின் கதையில் அறக்கேடு மறைமுகமானது. இனி நாம் நோக்கப்போவது வன்முறையையே விற்பனைப் பண்டமாகக் கொண்ட வாணிபம்.

பிரித்தானிய இராணுவத்தின் சிறப்புப் படைப்பிரிவைச் சேர்ந்த முன்னாள் அதிகாரிகள் 1970 களில் நிறுவிய கே. எம். எஸ். என்னும் தனியார் நிறுவனம், 1984 இல் இலங்கை அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பொலிஸ் திணைக்களத்தின் கீழ்ப் புதிதாக உருவாக்கப்பட்ட விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சியளிப்பதே அதன் முதற்பணி. சனாதிபதியின் மைந்தரும் பாதுகாப்பு ஆலோசகருமான ரவி ஜயவர்த்தனா அப்படையின் உருவாக்கத்தில் முன்னின்றார். களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தையில் பயிற்சி பெற்ற அப்படைப்பிரிவு கிழக்கு மாகாணத்தில், சிறப்பாக மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நிலைகொண்டது. பின்னர் இலங்கை விமானப்படையின் ஹெலிகொப்டர்களைச் செலுத்தும் பணியிலும் அந்நிறுவனத்தைச் சேர்ந்த விமானிகள் ஈடுபட்டனர்.

இவையெல்லாம் அக்காலத்தில் வதந்தியாகவும் பத்திரிகைத் துணுக்காகவுமே உலவின. பிரித்தானிய அரசின் இரகசியக் கோப்புகளில் ஒரு பகுதி பின்னர் வெளியாகி, அவற்றை ஆராய்ந்து பத்திரிகையாளர் ஃபில் மில்லர் 2020 இல் எழுதிய நூல், லண்டனிலும் கொழும்பிலும் இருந்த பிரித்தானிய அதிகாரிகள் அந்நிறுவனத்தின் பணிகளைத் தொடர்ந்து அறிந்திருந்தனர் என்பதைப் புலப்படுத்தியது. அதிரடிப்படையினர் மீது எழுந்த குற்றச்சாட்டுக்களும் அவர்கள் அறியாதவை அல்ல. ஆயினும், இது தனியார் நிறுவனமொன்றின் வாணிப விவகாரம், அரசுக்கு இதில் பொறுப்பில்லை என்பதே உத்தியோகபூர்வ நிலைப்பாடாக இருந்தது. கூலிப்படையினர் பற்றி ஆராய நியமிக்கப்பட்ட டிப்லொக் பிரபுவின் குழு 1976 இல் அறிக்கை அளித்திருந்தும், இத்தகைய ஒப்பந்தங்களைத் தடுக்கும் தெளிவான சட்டம் இயற்றப்படவில்லை. 1985 ஏப்பிரலில் பிரதமர் மார்கரெட் தாட்சர் இலங்கைக்கு வந்து விக்டோரியா அணையின் தொடக்க விழாவிற் கலந்துகொண்டார். அணை என்னும் வெளிப்படையான நட்புக்கு விழா எடுக்கப்பட்டது. பயிற்சி என்னும் மறைமுக நட்போ தனியார் விவகாரமாயிற்று.

தனியார்மயம் என்பதன் அரசியற் பயன் இங்கேதான் வெளிப்படுகின்றது. அரசு நேரடியாகச் செய்தால் பாராளுமன்றத்தில் விடை கூற வேண்டும். நிறுவனம் செய்தால் எவரும் விடை கூற வேண்டியதில்லை. பிரித்தானியா மட்டுமே இதிற் பங்காளி என்பதும் பொருந்தாது. 1984 இல் ஐக்கிய அமெரிக்கத் தூதரகத்தின் நிழலில் கொழும்பில் இஸ்ரேலிய நலன்காப்புப் பிரிவு அமைக்கப்பட்டது. இஸ்ரேலிய ஆலோசகர்களும் கருவிகளும் வந்தன. தென்னாபிரிக்காவிலிருந்து ஆயுதம் வாங்காதிருக்குமாறு ஐ. நா. பாதுகாப்புச் சபை 1984 டிசெம்பரில் 558 ஆம் தீர்மானத்தின் வாயிலாக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இருந்தும் அந்நிறவெறி நாட்டின் தயாரிப்பான பஃபல் கவச வாகனங்கள் அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் இலங்கை இராணுவத்தின் கைக்கு வந்து சேர்ந்தன. சொவெற்றோவின் தெருக்களில் அச்சம் விளைத்த வாகனத்தை மட்டக்களப்பின் தெருக்களிலும் மக்கள் காண நேர்ந்தது.

1987 யூலை 29 இல் கைச்சாத்தான இந்திய - இலங்கை உடன்படிக்கையோடு இணைந்த கடிதங்களில், இலங்கையிற் பணிபுரிந்த வெளிநாட்டு இராணுவ, புலனாய்வு ஆளணியினர் பற்றி இரு அரசுகளும் உடன்பாடு காணவேண்டுமெனக் குறிக்கப்பட்டது. இலங்கையின் ஒப்பந்தக்காரர்கள் ஒரு சர்வதேச ஆவணத்தின் பொருளாகும் அளவுக்கு வளர்ந்திருந்தனர் என்பதற்கு அதுவே சான்று.

மகிழடித்தீவு

அவ்வுடன்படிக்கைக்கு ஆறு மாதங்களின் முன், 1987 சனவரி இறுதியில் நிகழ்ந்ததே நமது வினாவுக்கு நடுநாயகமான நிகழ்ச்சி.

வாழைச்சேனைக்குத் தெற்கே, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அயலில் உள்ளது மகிழடித்தீவு. திறந்த பொருளாதாரக் கொள்கையின் பயனாய் அங்கு அமெரிக்க முதலீட்டுத் தொடர்புடைய இறால் பண்ணையொன்று நிறுவப்பட்டிருந்தது. வாவியின் உவர்நீரைக் கொண்டு இறால் வளர்த்து ஏற்றுமதி செய்வது அதன் தொழில். கடதாசி ஆலை வாழைச்சேனைக்கு எத்தகைய நம்பிக்கையோ, இறால் பண்ணை படுவான்கரையின் வறிய இளைஞர்க்கு அத்தகைய நம்பிக்கையாயிற்று.

விசேட அதிரடிப்படையினர் அப்பகுதியில் நடத்திய சுற்றிவளைப்பின்போது பண்ணைத் தொழிலாளர் பலரும் அயற் கிராமத்தவரும் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டோர் தொகை பதிவுக்குப் பதிவு வேறுபடுகின்றது. எண்பதுக்குக் குறையாது என்பதில் ஐயமில்லை, நூற்றுக்கு மேற்பட்டது என்று கூறும் பதிவுகளும் உண்டு. போராளிகளோடு நிகழ்ந்த மோதலாகவே அரசு தரப்பு இதனை விளக்கியது. ஆயின், கொல்லப்பட்டோர் நிராயுதபாணிகளான தொழிலாளரே என்ற குரல் கிராமத்திலிருந்து மட்டுமன்றிப் பண்ணையை நடத்தியோர் தரப்பிலிருந்தும் எழுந்தது.

இந்நிகழ்ச்சியில் இரு வாணிபங்கள் ஒரே களத்திற் சந்தித்தமையை நாம் கவனித்தல் வேண்டும். ஒன்று, அதிரடிப்படைக்குப் பயிற்சி விற்ற வாணிபம். மற்றையது, அவ்வரசின் அழைப்பை ஏற்று அந்நிலத்தில் முதலிட்ட வாணிபம். பயிற்றுவித்தோர் அன்று அவ்விடத்தில் நின்றனர் என்று நாம் கூறவில்லை. பண்ணையை நடத்தியோர் கொலைக்கு உடந்தையாயினர் என்றும் கூறவில்லை. மாறாக, அவர்களும் ஒருவகையில் பாதிக்கப்பட்டோரே. ஆனால் இரு உண்மைகள் இங்கு வெளிப்படுகின்றன. முதலாவது, முதலீட்டுக்கு வழங்கப்பட்ட பாதுகாப்பு அம்முதலீட்டில் உழைத்தவர்க்கு வழங்கப்படவில்லை. இரண்டாவது, படுவான்கரைத் தாயொருத்தியின் ஒப்பாரி எட்டாத இடங்களுக்கு முதலீட்டாளரின் குரல் எட்டியது. ஒடுக்கும் அரசின் நிலத்தில் தொழில் நடத்துவோர்க்கு வேறெவர்க்கும் இல்லாத ஒரு கடமை இதனால் உண்டாகின்றது. அது சாட்சி சொல்லும் கடமை. இலாபத்தின் பொருட்டு மௌனம் காப்பவர் அக்கடமையிலிருந்து தவறியவராவர்.

பண்ணையின் முதல் வேறிடம் செல்லக்கூடியது. கிராமம் வேறிடம் செல்ல இயலாதது. 1991 யூனில் அதே கொக்கட்டிச்சோலைப் பகுதியில் இராணுவத்தினரால் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் மீண்டும் கொல்லப்பட்டபோது அங்கிருந்தவர்கள் அதே கிராமத்தவரே.

ஹம்பேர்க் தந்த அளவுகோல்

இப்பொறுப்புக்களைத் தரம் பிரித்து அளப்பதற்கு அளவுகோல் உண்டா? உண்டு. அதனை வழங்கியது பிரித்தானியாவே என்பதுதான் வரலாற்றின் நகை.

1946 மார்ச்சில், போரில் தோற்ற ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் பிரித்தானிய இராணுவ நீதிமன்றமொன்று கூடியது. குற்றஞ்சாட்டப்பட்டோர் போர்வீரர் அல்லர், வணிகர். புரூனோ ரெஷ் என்பவரும் அவருடைய நிறுவனத்தைச் சேர்ந்த இருவரும், வதைமுகாம்களில் மனிதரைக் கொல்லப் பயன்பட்ட சைக்லோன்-பி என்னும் நச்சுவாயுவை வழங்கியதாக வழக்கு. அப்பொருள் பூச்சிகளையும் எலிகளையும் ஒழிப்பதற்கென நெடுங்காலம் நேர்மையாக விற்கப்பட்டு வந்த பண்டமே. எனவே நீதிமன்றத்தின் முன் நின்ற வினாக்கள் மூன்று. அவ்வாயுவினால் மனிதர் கொல்லப்பட்டனரா? அதனை வழங்கியது இந்நிறுவனமா? எதற்குப் பயன்படுகின்றது என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டோர் அறிந்திருந்தனரா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை பெறப்பட்டதால் ரெஷும் அவருடைய உதவியாளர் வைன்பாகரும் மரணதண்டனை பெற்றனர். மூன்றாமவர் ஒரு தொழில்நுட்பப் பணியாளர். நிறுவனத்தின் செயலை மாற்றும் நிலையில் அவர் இருக்கவில்லை. அவர் விடுதலையானார்.

நாற்பது ஆண்டுகளின் பின் பிரித்தானிய அதிகாரிகள் தம் நாட்டு நிறுவனமொன்றின் ஒப்பந்தத்தைத் தனியார் விவகாரம் என்று கூறியபோது, தம் நீதிமன்றமே வகுத்த இவ்வளவுகோலை மறந்தனர். இலங்கையில் நிகழ்ந்ததும் ஜேர்மனியில் நிகழ்ந்ததும் அளவில் ஒப்பன அல்ல. அவ்வாறு ஒப்பிடுதல் இரு துயரங்களுக்கும் செய்யும் அநீதி. நாம் எடுத்துக்கொள்வது நெறியை மட்டுமே. விற்ற பண்டம் எதற்குப் பயன்பட்டது, விற்றவர் அதனை அறிந்திருந்தாரா, தடுக்கும் ஆற்றல் அவரிடம் இருந்ததா என்னும் மூன்றும் எங்கும் எழுப்பத்தக்க வினாக்களே.

இவற்றைக் கொண்டு நோக்குமிடத்து, நமது வாவிப்புலத்தில் கண்ட வாணிபங்கள் மூன்று படிகளில் அமைவதைக் காணலாம். வன்முறைக்குரிய திறனையே விற்றவர் முதற்படியினர். அவர்தம் பண்டத்துக்கு வேறு பயன் இல்லை. நிலத்தின் உரிமையை மாற்றவல்ல பெருந்திட்டங்களுக்கு நிதியும் தொழில்நுட்பமும் வழங்கியவர் இரண்டாம் படியினர். பயன் இருவகைப்பட்டது, ஆராயும் கடமை அவர்க்குரியது. சாதாரணத் தொழிலை அந்நிலத்தில் நடத்தியவர் மூன்றாம் படியினர். தொழிலாளரைக் காப்பதும், கண்டதைச் சொல்வதும், இயலாதவிடத்து வெளியேறுவதும் அவர் கடமை. படியைத் தீர்மானிப்பது இலாபத்தின் அளவன்று, அறிவும் ஆற்றலுமே.

லண்டன் பெருநகரப் பொலிசார் கே. எம். எஸ். நிறுவனத்தைச் சேர்ந்தோர் மீதான போர்க்குற்றக் குற்றச்சாட்டுக்கள் குறித்து விசாரணையை ஆரம்பித்தமை 2020 இல் வெளியாயிற்று. மகிழடித்தீவுக்குப் பின் அதற்கு முப்பத்துமூன்று ஆண்டுகள் எடுத்தன. சாட்சிகள் முதுமையுற்று மறைந்துகொண்டிருக்கையில் வரும் விசாரணை முழுநீதி ஆகாது. எனினும், தனியார் விவகாரம் என்ற பழைய விடை இனிச் செல்லாது என்பதற்கு அது ஓர் ஒப்புதல்.

மறுப்புரையும் விடையும்

வாணிபத்தைத் துண்டிப்பது ஒடுக்குவோரைத் தாக்காது ஒடுக்கப்பட்டோரையே தாக்கும். தொடர்பு வைத்திருந்தால்தான் திருத்த முடியும் என்று ஒரு சாரார் வாதிடுவர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு வழங்கிய ஜீ. எஸ். பி. பிளஸ் வரிச்சலுகையை மனித உரிமை மீறல்களைக் காரணங்காட்டி 2010 ஓகஸ்டில் நிறுத்தி, 2017 மே மாதத்தில் மீள வழங்கியது. நிறுத்தத்தின் சுமையைத் தாங்கவேண்டியிருந்தவர்களுள் ஆடைத் தொழிற்சாலைகளிற் குறைந்த கூலிக்கு உழைக்கும் பெண்களும் அடங்குவர். அவர்கள் எந்தக் கட்டளையையும் பிறப்பித்தவர் அல்லர்.

தென்னாபிரிக்க வரலாறு இதற்கு விடை தருகின்றது. சுதந்திரத்தின் வாயிலில் நின்ற இந்தியா 1946 இலேயே அந்நாட்டோடு வாணிபத்தைத் துண்டித்தது. அங்கு தொழில் நடத்திய அமெரிக்க நிறுவனங்கள் கைக்கொள்ளவேண்டிய நெறிகளை 1977 இல் வகுத்தவர் போதகர் லியோன் சலிவன். உள்ளிருந்து திருத்தலாம் என நம்பிய அவரே பத்தாண்டு அநுபவத்தின் பின், 1987 இல், நிறுவனங்கள் வெளியேறவேண்டும் என அறிவித்தார். இவை எல்லாவற்றினும் முதன்மையானது, புறக்கணிப்பின் சுமையைத் தாங்கவேண்டிய மக்களின் தலைவரான அல்பேர்ட் லுத்துலியே 1959 இல் அப்புறக்கணிப்பைக் கோரினார் என்பது. ஒடுக்கப்பட்டோர் துன்புறுவர் என்று அவர்களின் சார்பில் பேசியவர் பெரும்பாலும் முதலீட்டாளரே. ஒடுக்கப்பட்டோரோ வேறு விதமாகப் பேசினர்.

இதிலிருந்து பெறப்படும் நெறி தெளிவானது. வாணிபத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை, அதன் விளைவைச் சுமப்போரிடம் கேட்டறிந்தே முடிவு செய்தல் வேண்டும். அவர்களைக் கேளாது தொடர்வதும் தவறு; கேளாது துண்டிப்பதும் தவறு.

நம்மை நோக்கியும் ஒரு வினா

பிறர்க்கு நாம் வகுக்கும் நெறி நம்மையும் கட்டுப்படுத்துதல் வேண்டும். ஒடுக்குமுறை அரசுகளுக்கு மட்டும் உரியதன்று. 1990 செப்டெம்பரில், வாழைச்சேனை வீதியில் உள்ள வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோரில் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வரவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னர் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. முதலாவதை நினைவுகூர்ந்து இரண்டாவதை மறப்பவர் வாணிப அறம் பேசும் தகுதியை இழக்கின்றார். ஆயுதம் தாங்கியோர்க்கு, அவர் எக்கொடியின் கீழ் நின்றாராயினும், அறிந்தே கருவி விற்றவரும் அறிந்தே பொருள் வழங்கியவரும் ஹம்பேர்க்கின் மூன்று வினாக்களுக்கு விடை கூறவேண்டியவரே. அச்சுறுத்தலின் கீழ் வரி செலுத்திய சிறுகடைக்காரன் அவ்வினாவுக்கு உட்படான். அவனுக்கு விலகி நிற்கும் ஆற்றல் இருக்கவில்லை.

முடிவுரை

2009 இல் போர் முடிவுற்ற பின், வாழைச்சேனைக்கு அருகிலுள்ள பாசிக்குடாக் கடற்கரை உல்லாசப் பயண வலயமாக்கப்பட்டது. பெரும் விடுதிகள் எழுந்தன. நாட்டின் பல பாகங்களில் படையினரே விடுதிகளையும் பயணிகள் சேவைகளையும் வாணிபமாக நடத்தும் நிலையும் தோன்றியது. ஐ. நா. மனித உரிமைப் பேரவை 2011 யூனில் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள், மனித உரிமைகளை மதிக்கும் பொறுப்பு வணிக நிறுவனங்களுக்கும் உண்டு என்பதையும், தம் செயலின் விளைவுகளை முற்கூட்டியே ஆராயும் கடமை அவற்றுக்கு உண்டு என்பதையும் எழுத்தில் நிலைநாட்டியுள்ளன. மாதுறு ஓயாவின் அணை கட்டப்பட்ட நாளில் இல்லாத நெறி அது. ஆகவே, அறியோம் என்று கூறும் வாய்ப்பு இன்று முதலிடுவோர்க்கு இல்லை. புலம்பெயர் நாடுகளிலிருந்து பொருளோடு திரும்பி வரும் நம்மவர்க்கும் இல்லை.

முதலீடு வேண்டாம் என்பது நமது முடிபன்று. வாழைச்சேனை மக்களுக்குத் தொழில் வேண்டும். கடதாசி ஆலையின் சங்கொலி ஒரு தலைமுறைக்கு வாழ்வளித்ததை அவர்கள் அறிவர். நமது முடிபு இதுதான்: முதலிடுபவர் எவராயினும், கரைவலை இழுப்போர் எங்கே வள்ளம் ஏற்றுவர், நிலம் யாருடையது, காவல் நிற்பவர் யார், அவர் முன்பு என்ன செய்தவர் என்னும் வினாக்களை ஒப்பந்தத்திற் கைச்சாத்திடுமுன் அவ்வூராரிடமே கேட்டறிதல் வேண்டும். மகிழடித்தீவின் தொழிலாளரிடம் அன்று எவரும் அவ்வாறு கேட்டிருக்கவில்லை.